ரயில்வே ஸ்டேஷனைச் சுத்தி பிசினஸ் டிஸ்ட்ரிக்ட்: ஊட்டி, குன்னூருக்குச் சரிப்படுமா?

ஜப்பான்ல ஒசாகா ஸ்டேஷனைச் சுத்தி ஆபீஸ் டவர், மால்னு இருக்கே, ஊட்டி குன்னூர் ஸ்டேஷன்லயும் பண்ணலாமேன்னு கேட்டிருக்கீங்க. குன்னூர்க்காரனா சொல்றேன், சரிப்படாது.

ஒசாகால என்ன நடந்துச்சுன்னா, ஸ்டேஷனுக்கு வடக்கால பெரிய சரக்கு யார்டு இருந்துச்சு, அதைக் காலி பண்ணப்போ ஊர் நடுவுலயே பெரிய துண்டு நிலம் கிடைச்சுது, அதுல ஒரு பகுதியிலதான் 2013ல கிராண்ட் ஃப்ரண்ட்ங்கிற ஆபீஸ், மால் வளாகத்தைத் திறந்தாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1929ல, ஹான்கியூங்கிற தனியார் ரயில் கம்பெனி பக்கத்துலயே இருக்குற தன்னோட உமேதா டெர்மினல்லயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஆரம்பிச்சுட்டாங்க, இறங்குற கூட்டம் நம்ம கடையிலயே செலவு பண்ணட்டும்னு. ஹாங்காங் மெட்ரோ இன்னும் கெட்டிக்காரங்க, ஸ்டேஷன் மேல கட்டுற உரிமையை வாங்கி அந்த லாபத்தை லைன் போடுற செலவுக்கு எடுத்துக்கிறாங்க. ஆக மணிக்கு எத்தனை பேர் இறங்குறாங்கங்கிறதுதான் மொதல்ல பாக்கணும், பில்டிங் டிசைன் எல்லாம் அப்புறம்.

நம்ம மலை ரயில் 46 கிலோமீட்டர்தான், ஆனா கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல 12க்கு 1 ஏத்தம் (12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறும்), மேட்டுப்பாளையத்துல காலையில ஏறினா ஊட்டி வர கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அதுவும் சில பெட்டிதான், வர்றதும் பெரும்பாலும் டூரிஸ்ட். இதை நம்பி யாருங்க ஆபீஸ் போடுவாங்க? 2005ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வேற சேந்துடுச்சு, ஸ்டேஷன்ல இஷ்டத்துக்கு கை வைக்க முடியாது. மலைப்பகுதி ரூல்படி கட்டடம் 7 மீட்டருக்கு மேல போகவும் கூடாது, 2009 நவம்பர் மண்சரிவைப் பாத்தவங்க யாரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டாங்க (பில்டர்களைத் தவிர).

குன்னூர்ல பிசினஸே இல்லையான்னா, இருக்கு. டீ ஏலம், டீ போர்டு ஆபீஸ், உபாசி (தென்னிந்திய தோட்ட முதலாளிகள் சங்கம்) எல்லாம் இங்கதான். ஆனா ஸ்டேஷன் வாசல்ல இல்ல, மேல சரிவுல அங்கங்க கிடக்கு, ஏலமும் இப்ப கம்ப்யூட்டர்லதான்.

என்னைக் கேட்டா இங்க உண்மையான ஸ்டேஷன் பஸ் ஸ்டாண்டுதான். கோத்தகிரி, கூடலூர்ல இருந்து ஜனம் இறங்குறது அங்கதான், ஊட்டி, குன்னூர் ரெண்டுலயும் ரயில்வே ஸ்டேஷன் அதுக்கு நடக்குற தூரத்துலதான் இருக்கு. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நல்ல நடைபாதை, மழைக்கு மேல ஒரு கூரை, சுத்தமான டாய்லெட், பக்கத்துல ரெண்டு மாடிக்குள்ள பேங்க், கிளினிக், சின்ன ஆபீஸ் ரூம் போதும். டவர்தான் வேணும்னா கோயம்புத்தூர் ஜங்ஷன் பக்கம் பாருங்க.