ஒன்றாகக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நண்பர்களுக்கு ஏன் ஆர்வம் போய்விட்டது?

கேள்வி: பள்ளி நாட்களிலிருந்து ஒன்றாகக் கிரிக்கெட் பார்த்த என் நண்பர்கள் இப்போது ஸ்கோர்கூடக் கேட்பதில்லை. உங்கள் கூட்டத்திலும் இப்படி ஆனதா? என்ன காரணம்? அவர்களைத் திரும்ப இழுக்க முடியுமா?

ஆனது. எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர், ஐந்து பேருக்குமே ஆனது, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. முதலில் விட்டவன் கொஞ்ச காலம் வெளியே சொல்லாமல், மேட்ச் பார்த்த மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வயசாகிவிட்டது, வேலை, குழந்தைகள், நேரமில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. அதே ஆட்கள்தான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து ஏதாவது வெப் சீரிஸ் பார்க்கிறார்கள். சூதாட்டப் புகார்களால் வெறுத்துப் போனோம் என்பார்கள், அதுவும் எங்கள் விஷயத்தில் பொய். 2000இல் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹன்சி குரோனியேவின் சூதாட்ட விவகாரம் வெடித்து, அந்த வருடக் கடைசியில் நம் முன்னாள் கேப்டன் அசாருதீனுக்கு ஆயுள் தடை வந்தபோது இனி இந்தக் கருமத்தைப் பார்க்கவே கூடாது என்று சபதம் எல்லாம் போட்டோம். அடுத்த மார்ச்சில் கொல்கத்தாவில் பாலோ ஆன் வாங்கிய, அதாவது முதல் இன்னிங்ஸில் ரொம்பப் பின்தங்கி உடனே மறுபடி பேட்டிங் ஆட வைக்கப்பட்ட இந்தியாவுக்காக லக்ஷ்மணும் டிராவிட்டும் நான்காம் நாள் முழுக்க அவுட் ஆகாமல் நின்றார்கள். லக்ஷ்மண் 281, டிராவிட் 180. சபதம் அதோடு சரி.

ஆக, கோபத்தில் யாரும் போகவில்லை, கோபம் இருக்கிறவரை ஆளும் இருப்பான். தோற்றால் வலிக்கவில்லை என்றால்தான் கதை முடிந்தது என்று அர்த்தம். 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியபோது, எங்களுக்குள் நாட்கணக்கில் சரியான பேச்சே இல்லை. அணித் தேர்வு சரியா தப்பா என்று ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய்விட்டது. இப்போது 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மண்ணில் வரிசையாக 18 டெஸ்ட் தொடர்களை ஜெயித்திருந்த அணி, நியூசிலாந்திடம் 3-0 என்று தோற்கிறது. பெங்களூருவில் 46க்கு ஆல் அவுட், மும்பையில் 147ஐ எட்ட முடியாமல் 121க்குச் சுருண்டது. அந்தக் கடைசித் தோல்வி நாளில் எங்கள் வாட்சாப் குழுவில் வந்த ஒரே செய்தி, பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா என்பது.

ஏன் இப்படி? என் கணிப்பு இதுதான்: நாங்கள் ஐந்து பேரும் ஒரே விஷயத்துக்குப் பயந்துகொண்டு மேட்ச் பார்த்தோம். சச்சின் அவுட் ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான். 1999 சென்னை டெஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் முதுகு வலியோடு 136 அடித்துவிட்டு வெளியேற, கையில் விக்கெட் இருந்தும் மீதி ஆட்கள் மளமளவென்று விழுந்து 12 ரன்னில் தோற்றோமே, அந்தப் பயத்தைத்தான் சொல்கிறேன். கிரிக்கெட் அறிவில் எங்களுக்குள் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு, ஒருவனுக்கு இன்றைக்கும் கூக்ளி எது தூஸ்ரா எது என்று தெரியாது. பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

அது இரண்டு மூன்று வழிகளில் கரைந்தது. கும்ப்ளேயும் கங்குலியும் 2008இல், டிராவிட்டும் லக்ஷ்மணும் 2012இல், சச்சின் 2013இல் போனார்கள். புதிதாக வந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் நம்மைவிடச் சின்னப் பையன்களைப் பார்த்து அண்ணாந்து நிற்க மனசு வரவில்லை. இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐபிஎல்லைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை, 2008 முதல் ஆட்டத்தில் மெக்கல்லம் 158 அடித்ததை வாயைப் பிளந்து பார்த்த கூட்டம்தான் நாங்கள். ஆனால் அதில் எங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு அணி ஆகிவிட்டது. சரி, அணிச் சண்டையும் ஒரு சுகம்தான் என்று ஓட்டினோம். மெகா ஏலம் வந்து பாதி அணியைக் கலைத்துப் போடும்போது, போன வருஷம் யாருக்காகச் சண்டை போட்டோமோ அவன் எதிர் அணியில் நிற்கிறான். அதிலும் 74 ஆட்டம். 2024இல் கொல்கத்தா அடித்த 261ஐ பஞ்சாப் எட்டு பந்து மிச்சம் வைத்துத் துரத்திப் பிடித்தது, டி20 வரலாற்றிலேயே அப்படி ஒரு சேசிங் அதற்கு முன் இல்லை. முப்பது வருடம் முன்னால் நடந்திருந்தால் பேரன் பேத்திக்குச் சொல்லியிருப்போம். இப்போது அடுத்த நாளே வேறு மேட்ச், வேறு இருநூறு.

இதையெல்லாம்விட மோசமாகப் பிரித்தது காசு கட்டி அணி அமைத்து ஆடும் ஆப்கள். எங்களில் இரண்டு பேர் அதில் விழுந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கிறோம், இந்தியாவின் விக்கெட் விழுகிறது, ஒருவன் மெல்லச் சிரிக்கிறான். என்னடா என்றால், அந்த பவுலர் அவனுடைய கேப்டனாம், இரண்டு மடங்கு பாயிண்டாம்! அதற்கப்புறம் சேர்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது? 2025இல் சட்டம் வந்து பணம் கட்டும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் ஆப் போனவுடன் அந்த இரண்டு பேரும் மேட்ச் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

திரும்ப இழுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் ஸ்கோர் அனுப்பி இழுக்க முடியாது, நான் செய்து பார்த்து ம்யூட் ஆனேன். ஆனால் 2025 ஆகஸ்டில் ஓவல் டெஸ்டின் ஐந்தாம் நாள், இங்கிலாந்துக்கு 35 ரன், நமக்கு நான்கு விக்கெட் வேண்டும், ஒரு கையைக் கட்டுப்போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வோக்ஸ் பேட்டிங் ஆட இறங்குகிறார் என்றதும், ம்யூட் செய்தவன் உட்பட எல்லோரும் குழுவுக்கு வந்துவிட்டார்கள். சிராஜ் கடைசி விக்கெட்டை எடுத்து 6 ரன்னில் ஜெயித்த பிறகு ஒரு மணி நேரம் பழைய மாதிரியே கத்தல். மறுநாளே அமைதி. எனவே அப்படி ஒரு மேட்ச் வரும்போது மட்டும் கூப்பிடுங்கள், மற்ற நாட்களில் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒன்று தேறினாலே பெரிய விஷயம்.

இன்னொன்று, அவர்கள் வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் நீங்களும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எங்களில் முதலில் கிரிக்கெட்டை விட்டவன் இப்போது செஸ் பைத்தியம். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த 14ஆவது ஆட்டத்தைக் கட்டாயப்படுத்தி எங்களைப் பார்க்க வைத்தான். 55ஆவது நகர்த்தலில் எதிரே ஆடிய டிங் லிரன் யானையை நகர்த்தியதும் அவன் போன் பண்ணிக் கத்தினான், அது ஏன் தப்பு என்று எனக்கு இன்னமும் முழுசாகப் புரியவில்லை.