பழைய வானுக்குப் புது சவுண்ட்: வோட்ஸுக்கு முதல் வயரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1990களின் டொல்பின் வான். திருகோணமலையிலிருந்து கொழும்பு, கதிர்காமம் என்று ஹயர் ஓடுகிறேன். பழைய ஸ்பீக்கர்கள் கிழிந்துவிட்டன. அன்ட்ரொய்ட் செட், 1000 வோட்ஸ் அம்ப் (அம்ப்ளிபயர்), பெட்டியோடு 12 அங்குல சப் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்), நாலு ஸ்பீக்கர், பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு கடையில் ஒரே விலை சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: அந்தப் பக்கேஜை அப்படியே எடுக்க வேண்டாம். பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும் 1000ஐ விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தாளில் ஆர்.எம்.எஸ் எவ்வளவு என்று பாருங்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். அந்த எண்ணே போடாத அம்ப் என்றால் கடையிலேயே இருக்கட்டும். செட்டின் முகப்பில் இருக்கும் '50 வோட்ஸ் × 4' கதையும் இதேதான். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண செட் ஒன்று சுத்தமாகத் தரக்கூடியது கணக்குப்படியே 25 வோட்ஸ் சொச்சம். கையில் கிடைப்பது 20க்குக் கிட்ட.

சரி, அம்ப் உண்மையிலேயே 1000 வோட்ஸ் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். துளி வீணாகாவிட்டாலும் அதற்கு 70 அம்பியருக்குக் கிட்ட வேண்டும். எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தருவது அல்டர்னேட்டர். அந்தக் கால வான்களில் அது பெரும்பாலும் 50, 60 அம்பியர் அளவுதான். எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது அதுவும் வராது. ஹெட்லைட், ஏசி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். ஹபரணைக் காட்டு ரோட்டில் இரவு பேஸ் விழும்போதெல்லாம் லைட் மங்கினால், முன்னால் நிற்கும் யானையை யார் பார்ப்பது? கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது ஒரு கணத்துக்குத்தான் தாங்கும், புதிதாகக் கரண்ட் உற்பத்தி செய்யாது.

உங்கள் வானுக்கு செனலுக்கு 50 வோட்ஸ் ஆர்.எம்.எஸ் அளவில் நாலு செனல் கொண்ட கிளாஸ் டி அம்ப் ஒன்று தாராளம். இந்த வகை குறைந்த கரண்டில் வேலை செய்யும், சூடும் குறைவு. ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் காசில் பெரும்பங்கை முன்கதவுகளுக்குப் போடுங்கள். கலியாண ஹயரில் பின்சீட்டுப் பெடியங்கள் சப் கேட்பார்கள்தான். 8 அல்லது 10 அங்குலத்தில் சின்னதாக ஒன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 12 அங்குலப் பெட்டி வைத்தால் பயணப் பை வைக்க இடமிருக்காது.

இனி வயர். பக்கேஜில் காசு மிச்சம் பிடிப்பது இங்கேதான். தடித்த சிவப்பு வயரைக் காட்டுவார்கள், அந்தத் தடிப்பில் பாதி வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். நுனியைச் சீவி ஒரு இழையை பிளேடால் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். நம் ஊர்க் கடல்காற்றில் அது சீக்கிரம் பூத்துப்போகும். முழுச் செப்பு வயர்தான் வேண்டும் என்று சொல்லி, பில்லிலும் எழுதுவியுங்கள். பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அம்புக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் போட்டால், நடுவில் வயர் உரசித் தகட்டில் பட்டவுடன் எரிவது வான். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த் வயரை பெயின்ட், துரு இரண்டையும் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும்.

டொல்பினில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே இருப்பதால் அம்பை அந்தப் பக்கம் ஒளிக்க விடாதீர்கள், வெந்துவிடும். பின்சீட்டுக்கு அடியில் வைக்கலாம், ஆனால் தரையில் படாமல் கொஞ்சம் உயர்த்தி. நிலாவெளியில் குளித்துவிட்டு ஏறுகிறவர்கள் மண்ணையும் உப்புத் தண்ணீரையும் அங்கேதான் கொட்டுவார்கள்.

கதவுக் கண்ணாடி இடுக்கால் மழைத்தண்ணீர் உள்ளே வடியும் என்பதால் கடதாசிக் கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பிளாஸ்டிக் கூம்பு எடுங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையமும் எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை என்றால் ஊதிவிடும். கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினால் அதே ஸ்பீக்கரே வேறு மாதிரிக் கேட்கும். மலிவான தார் ஷீட் வெயிலில் உருகி நாறும்.

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த என் காரின் செட்டில் எஃப்.எம் ஸ்டேஷன்கள் ஒன்றிரண்டுதான் எடுக்கிறது. செட்டை மாற்ற வேண்டுமா?
- வாசகி, கிண்ணியா

பதில்: செட்டில் பிழை இல்லை. ஜப்பான் செட்டுகள் 76இல் இருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் (புதியவை 95 வரை) பிடிக்கும், நம் ஸ்டேஷன்கள் 108 வரை இருக்கின்றன. ஸ்டேஷன்களின் எண்ணை அந்த செட்டுக்கு எட்டும் அளவுக்கு இறக்கித் தர, ஏரியல் வயரில் பூட்டும் பேண்ட் எக்ஸ்பாண்டர் சின்னச் செலவு. திரையில் தெரியும் எண் மாறியிருக்கும். பாட்டைப் போனில் இருந்தும் கேட்க வேண்டுமென்றால் புது செட்டே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக அம்ப் பூட்டியதிலிருந்து அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் 'கீ' என்று சத்தம் ஏறுகிறது. 'பழைய வாகனம் அப்படித்தான்' என்கிறார் பூட்டியவர். பில்லும் தரவில்லை.
- வாசகர், சீனக்குடா

பதில்: அப்படி ஒரு விதி இல்லை. எர்த் சரியாகப் பிடிக்காதபோதும், செட்டிலிருந்து அம்புக்குப் போகும் சிக்னல் வயரைப் பற்றரி வயரோடு சேர்த்து ஒரே பக்கமாக இழுத்தபோதும் வரும் சத்தம் இது. ஒன்று இடப்பக்கத்தால் போனால் மற்றது வலப்பக்கத்தால் போக வேண்டும். பெரும்பாலும் அரை நாள் வேலை. பூட்டியவர்தான் திருத்தித் தர வேண்டும்.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். அம்பின் மொடல், சீரியல் எண், உத்தரவாதக் காலம், பூட்டுக்கூலி நாலும் அதில் இருக்கட்டும். அப்புறமும் இழுத்தடித்தால் அதிகார சபையின் 1977க்கு அழைத்து வழி கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை அவர் பூட்டியதை வேறு கராஜில் கழற்ற விடாதீர்கள். பிறகு பழியை அந்தக் கராஜ் மேல் போட்டுவிடுவார்.