மகள் தூங்கிய பிறகு எழுதும் அந்த ‘நான்’ யார்?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நாலு வருடமாகப் பியானோ கற்கிறாள், கிரேடு தேர்வுகளில் நல்ல மதிப்பெண். நானே பக்கத்தில் உட்கார்ந்து சாதகம் செய்ய வைக்கிறேன். கிளாரா ஷூமன் என்ற பியானோ மேதையையும் அவர் அப்பாதான் உருவாக்கினார் என்று படித்தேன். அவர் எந்த வயதில் என்னென்ன வாசித்தார் என்று வரிசையாகச் சொன்னால் அதன்படியே மகளைத் தயார் செய்வேன். அவள் பெயரில் இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது, அவள் தூங்கிய பிறகு அவள் எழுதுவது போல நானே தினமும் எழுதிப் போடுகிறேன். இப்போதெல்லாம் வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறாள், தானாக எதுவும் பேசுவதில்லை. ஆர்வத்தை எப்படித் தூண்டுவது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பியானோ இருக்கும் இடத்தில் செஸ் இருக்கும், பரதம் இருக்கும், நீச்சல் இருக்கும், மற்றபடி வரிக்கு வரி இதேதான். ‘கவலைப்படாதீர்கள், இந்த வயதில் இதெல்லாம் சகஜம்’ என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். உங்கள் கேள்வியை விட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. அவள் தூங்கிய பிறகு, அவள் எழுதுவது போல, நீங்கள் எழுதுகிறீர்கள்.

கிளாராவைப் பற்றிப் படித்தவருக்கு அவருடைய நாட்குறிப்பு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

அவர் 1819ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர், கல்யாணத்துக்கு முன் கிளாரா வீக். அப்பா ஃபிரீட்ரிக் வீக், பியானோ ஆசிரியர், பியானோ வியாபாரமும் உண்டு. அம்மா மரியான் நல்ல பாடகி, பியானோவும் வாசிப்பார். கிளாராவுக்கு 5 வயது ஆகும்போது பெற்றோர் பிரிந்தார்கள், அந்தக் காலச் சட்டப்படி பிள்ளை அப்பாவுக்கு. நாலு வயது தாண்டியும் பேச்சு வராத குழந்தை அது, காது கேட்கவில்லையோ என்றுகூட வீட்டில் சந்தேகப்பட்டார்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு 1827ல் அப்பா ஒரு நாட்குறிப்பைத் தொடங்கி வைத்தார், வைத்ததோடு நிற்காமல் ‘நான்’ போட்டு அவரே எழுதினார். ‘என் அப்பா’ என்று தன்னையே மகள் வாயால் குறிப்பிட்டுக்கொண்டார். அவள் தன் கையால் எழுதத் தொடங்கிய பிறகும் வருடக்கணக்கில் அதை மேற்பார்வை பார்த்தார்.

1828 அக்டோபர் 20ல் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் கிளாரா முதல் முறை மேடை ஏறினாள். உங்கள் மகளின் வயதுதான், 9. இன்னொரு பெண்ணோடு ஒரே பியானோவில் நாலு கை வாசிப்பு, கால்க்பிரென்னர் என்ற இசையமைப்பாளர் எழுதிய வேரியேஷன்ஸ், அதாவது ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் உருப்படி. ஊரே பாராட்டியது. அதே மாதக் கடைசியில் நாட்குறிப்பில் என்ன இருக்கிறது தெரியுமா? நான் சோம்பேறி, கவனமில்லாதவள், ஒழுங்கில்லாதவள், பிடிவாதக்காரி, சொன்ன பேச்சு கேட்காதவள், ஹுன்டன் என்பவர் எழுதிய வேரியேஷன்ஸை அவ்வளவு மோசமாக வாசித்தேன், அப்பா என் கண்ணெதிரே அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டார், இனிமேல் ஸ்கேல்ஸும், கிராமர், செர்னி என்ற இசையமைப்பாளர்கள் எழுதிய விரல் பயிற்சிகளும் தவிர வேறெதுவும் கிடையாது. முழுக்க ‘நான்’தான். திட்டியவரும் அவரே, திட்டு வாங்கியவளின் வாக்குமூலமும் அவரே.

நீங்கள் திட்டி எழுதவில்லை, ‘ரொம்ப சந்தோஷமா இருக்கு’ என்றுதான் எழுதுவீர்கள், தெரியும். அது இன்னும் மோசம் என்பேன். திட்டினால் பிள்ளை மனசுக்குள்ளாவது எதிர்த்துப் பேசும். ‘இன்று எனக்குச் சந்தோஷம்’ என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, விருப்பக்குறியும் வாங்கியாகிவிட்டது, காலையில் எழுந்து அவள் எதைச் சொல்வாள்? பேசமாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் புகார் வேறு. அவள் பேச வேண்டியதையெல்லாம் இரவோடு இரவாக நீங்களே பேசி முடித்துவிடுகிறீர்கள் ஐயா!

ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘குழந்தை இஷ்டப்படி விடுங்கள்’ கட்சி அல்ல நான். பிள்ளையைப் பியானோ முன்னால் உட்கார வைப்பது, பிடிக்காத நாளிலும் உட்கார வைப்பது, பெற்றவர் கடமை. கிளாராவின் அப்பா வீக்கிடமும் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு. ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் சாதகம், அப்புறம் கட்டாயமாக வெளியே நீண்ட நடை. மூன்று மணி நேரத்துக்கு மேல் விரல்களை வதைக்கக் கூடாது என்பதில் இந்தக் காலத்துக் கோச்சிங் அப்பாக்களை விட அவர் எவ்வளவோ தேவலை. பிள்ளையின் நேரத்தை நீங்கள் வகுக்கலாம். அவளுடைய ‘நான்’ உங்களுடையது அல்ல.

சரி, கேட்ட வரிசை. 11 வயதில், 1830 நவம்பரில், அதே அரங்கில் தன் பெயரில் முதல் முழுக் கச்சேரி: கால்க்பிரென்னர், ஹெர்ட்ஸ், செர்னி ஆகியோரின் உருப்படிகள், கூடவே தான் எழுதிய வேரியேஷன்ஸ். 12 வயதில் வைமரில் கவிஞர் கெத்தே முன்னால் ஹெர்ட்ஸ் வாசித்தாள். முக்காலி தாழ்வாக இருக்கிறதென்று 82 வயதுக் கிழவர் தானே எழுந்து போய் ஒரு மெத்தை கொண்டுவந்து போட்டாராம். வந்த பெரிய மனிதர்களில் குழந்தை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதே சமயத்தில் ஷோபானின் ஓபஸ் 2 வேரியேஷன்ஸ், அன்றைக்கு பெரியவர்களே தொடத் தயங்கிய உருப்படி. 16 வயதில் இசைக்குழுவோடு வாசிக்கத் தானே எழுதிய ஏ மைனர் கான்செர்ட்டோ, குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன். 18ல் வியன்னாவில் பீத்தோவனின் அப்பாஸியோனாட்டா என்ற பியானோ சொனாட்டா. கிரில்பார்ட்ஸர் என்ற கவிஞர் அதைக் கேட்டுக் கவிதை எழுதினார், பலகாரக் கடைகளில் அவள் பெயரில் கேக் வந்தது.

வரிசையை இங்கேயே நிறுத்தத்தானே ஆசைப்படுகிறீர்கள்? மேலே கேளுங்கள். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவள் தன் வாயால் ‘நான்’ சொன்னதும் அப்பாவுக்குத் தாங்கவில்லை. அவள் கச்சேரியில் சம்பாதித்த பணத்தைத் தர மறுத்தார், மாப்பிள்ளையைக் குடிகாரன் என்று கோர்ட்டில் தூற்றினார். பெற்ற அப்பாவின் சம்மதத்துக்காக மகள் வழக்குப் போட வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் நிழல் கொடுத்தது பெர்லினில் இருந்த அம்மாதான். கோர்ட் அனுமதித்தது, 21 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1840 செப்டம்பர் 12ல் கல்யாணம். மறுநாளே கணவனும் மனைவியுமாக ஒரு நாட்குறிப்பு தொடங்கி மாறி மாறி எழுதினார்கள். அப்பாவோடு சமாதானம் ஆக 1843 ஆனது.

அதற்குப் பிறகும் 1891 வரை மேடையில் வாசித்தவர் கிளாரா. 1300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சி நிரல்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. வரிசையாகப் பார்த்தால் ஹெர்ட்ஸும் ஹுன்டனும் கால்க்பிரென்னரும் மெல்லக் காணாமல் போகிறார்கள். பாக், பீத்தோவன், ஷோபான், ஷூமன் நிறைகிறார்கள். அப்பா கிழித்துப் போட்ட ஹுன்டனுக்காகப் பின்னால் யாரும் அழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இன்றிரவு அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதாதீர்கள். வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் உங்கள் பெயருக்கு மாற்றி, ‘நான் இவளுடைய அப்பா’ என்று எழுதுங்கள். வீடியோ போடும் முன் அவளிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், திறந்து பார்க்காதீர்கள், ஒன்றும் எழுதாமல் கிடந்தாலும் கேட்காதீர்கள். அடுத்த கிரேடு பாடங்களில் ஒன்றையாவது அவளே தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குப் பிடிக்காத உருப்படியாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பின்தொடர்கிறவர்கள் குறைவார்கள், குறையட்டும். சாதக நேரத்தை மட்டும் குறைக்க வேண்டாம்.