மகள் இம்யூனாலஜி படிக்கட்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் மகளின் மதிப்பெண், வீட்டுக்காரரின் கோபம், பேங்க் பரீட்சை கோச்சிங்குக்குக் கட்டிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் "அழற்சி, செல் சிக்னலிங் என்று ஏதோ சொல்கிறாள், அதைப் படித்து என்ன கிடைக்கும்" என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்குவாதத்துக்கு நீங்கள் காலையும் ராத்திரியும் போடுகிற டோஃபாசிட்டினிப் மாத்திரை இருக்கிறதே, அது அந்த இம்யூனாலஜி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பைப் பற்றிய படிப்பிலிருந்து வந்ததுதான்.

அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதம் சேதி சொல்ல செல்லுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்று குரல் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. உள்பக்கம் வாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஜேக் என்ற நொதி அதைக் கேட்டு ஸ்டாட் என்ற ஆளைக் கிளப்பிவிடும், அவர் நியூக்ளியஸ் வரை போய் அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுவார், உங்கள் விரல் மூட்டு வீங்கும். மாத்திரை அந்த ஜேக்கின் காதை அடைக்கிறது. அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்த மருந்து இது. ஆரம்பிக்கும் முன் டாக்டர் காசநோய்ப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருப்பாரே, அதற்குக் காரணமும் இதுதான்: கிருமியை அடக்கி வைப்பதற்கும் இதே மாதிரியான சிக்னல்கள் வேண்டும். மகளிடம் கேட்டுப் பாருங்கள், உற்சாகமாகச் சொல்வாள்.

சரி, வேலைக்கு வருவோம். பயோடெக் படித்தவர்கள் கால் சென்டரில் இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை, நானே பலரைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன் எம்எஸ்சி இரண்டு வருஷமும் முடித்துவிட்டான், ஆனால் உயிருள்ள செல்லை ஒரு தடவைகூட வளர்த்ததில்லை. செல்லில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை என்றால் அவனுக்கு ரெக்கார்ட் நோட்டில் வரைந்த படம், அவ்வளவுதான். கல்லூரி பெயர் வேண்டாம். அவனைப் படிப்பு கைவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், லேப் இல்லாமல் ஃபீஸ் வாங்கினார்கள்.

இந்தத் துறையில் கைப்பழக்கம்தான் சோறு போடும். கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் மேல் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ் என்ற பொருளைப் போட்டால், ஐகப்பாபி என்ற புரதம் பதினைந்து நிமிஷம், அரை மணிக்குள் பிளாட்டில் மங்கிப்போகும், அப்போதுதான் அது பிடித்து வைத்திருந்த, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப் கப்பா பி என்ற புரதம் நியூக்ளியஸுக்குள் ஓடும். ஒரு மணி நேரம் போல ஆனால் ஐகப்பாபி பட்டை மறுபடி தலைகாட்டும், ஏனென்றால் உள்ளே போனதே தனக்குப் பூட்டு செய்யவும் உத்தரவு கொடுத்துவிடுகிறது. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் பி செல் என்ற வெள்ளை அணுவில் கண்டுபிடித்த புரதம்தான் இந்த என்எஃப் கப்பா பி. அந்தப் பட்டை மங்கித் திரும்புவதைத் தன் கையால் எடுத்துக் காட்டும் பெண்ணுக்கும், பாடமாக மட்டும் படித்தவளுக்கும் இன்டர்வியூவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் கேட்பது எலைசா (புரதத்தை அளக்கும் சோதனை), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரிப்பது), செல் கல்ச்சர் (செல் வளர்ப்பு) தெரியுமா என்றுதான்.

அதனால் இப்போது பிஎஸ்சி மூன்றாம் வருஷத்தில் இருக்கும்போதே ஜாம், கேட்-பி என்ற இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் எழுதட்டும். ஜாம் வழியாக பெங்களூரு ஐஐஎஸ்சியில் எம்எஸ்சியும் பிஎச்டியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்டிக்கே விண்ணப்பிக்கலாம், கேட்-பி வழியாக மத்திய அரசு உதவி பெறும் எம்எஸ்சி இடங்கள், உதவித்தொகையோடு. அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். ஆனால் பிஎச்டி என்றால் ஐந்து, ஆறு வருஷம் போகும், "கல்யாணம் எப்போ" என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவ்வளவு வருஷம் வேண்டாம் என்றால் எம்எஸ்சியோடு நிறுவன வேலைக்குப் போகலாம், தொடக்கச் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும், சாஃப்ட்வேர் பையனோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்றால், ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய் செல் கல்ச்சர் அறையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இன்குபேட்டர் என்று சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். கதவைத் திறக்கச் சொல்லாதீர்கள், உள்ளே செல் இருந்தால் கெட்டுப்போகலாம். முகப்பில் 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் என்று எண்கள் எரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ப்ளக்கே மாட்டாமல் உறை போட்டு மூடி வைத்திருந்தால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள்.