கோடை ஹோவர்ஃப்ளைகள்: மேலிருந்து எடுத்த ஒரு படம் போதாது

கேள்வி: லண்டனில், எப்பிங் காட்டுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். பூங்காவிலும் காட்டிலும் பார்க்கும் ஹோவர்ஃப்ளைகளை (பூக்களருகே அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக்கள்) படம் எடுத்துப் பதிவு செய்ய ஆசை. ஆனால் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒரே ஈக்கு மூன்று பெயர் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் கோளாறு படத்தில்தான். வயிற்றுக் கோடுகள் அழகாக விழுந்துவிட்டால் திருப்தியாகிவிடுகிறோம். பல இனங்களைப் பிரிக்கும் அடையாளம் காலிலும் முகத்திலும் இருக்கிறது. மேலிருந்து ஒன்று, முகம் தெரிய ஒன்று, பக்கவாட்டில் கால்கள் தெரிய ஒன்று என்று ஒரே ஈயை மூன்று கோணத்தில் எடுங்கள். கொஞ்சம் மங்கலானாலும் பரவாயில்லை.

தேனீ போலத் தெரியும் ஈரிஸ்டாலிஸ் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் குழு) எடுத்துக்கொள்ளுங்கள். முன்கால் பாதம் மஞ்சளாக இருந்தால் அநேகமாகப் பெர்டினாக்ஸ் என்ற இனம். அது கறுத்து, பின்கால் தடித்து, கண்ணில் செங்குத்தாக மயிர்ப் பட்டைகள் ஓடினால் டீனாக்ஸ். மேலிருந்து எடுத்த படத்தில் இதில் பாதி தெரியாது. மஞ்சள், கறுப்புப் பட்டை கொண்ட சிர்ஃபஸ் பேரினம் இன்னும் சிக்கல். பெண்ணின் பின்தொடை முழுக்க மஞ்சளாக இருந்தால் ‘ரிபேசியை’ (ribesii) என்று எழுதலாம். ஆணைப் படத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம். (இரு கண்களும் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண்.) அப்போது ‘சிர்ஃபஸ்’ என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். செயலி முழுப் பெயர் கொடுக்கிறதே என்று அதையே எழுதிவிட வேண்டாம். தவறான இனப் பெயரைவிடச் சரியான பேரினப் பெயர் எவ்வளவோ மேல்.

வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். கடும் வெப்பத்தில் இவை நிழலுக்குள் ஒதுங்கிவிடும். காட்டில் வெயில் விழும் திறப்புகளில் ஹாக்வீடின் வெள்ளைப் பூங்கொத்துகளைப் பாருங்கள். செடியைத் தொடாதீர்கள், அதன் சாறு வெயிலோடு சேர்ந்தால் தோல் கொப்பளித்துவிடும். பூவை மட்டும் பார்த்தால் ஸைலோட்டா என்ற ஹோவர்ஃப்ளை பேரினம் தப்பிவிடும். அது இலைமேல் ஓடி ஓடி, அங்கே உதிர்ந்த மகரந்தத்தைத் தின்னும்.

பதிவுக்கு நான்கு விவரம் வேண்டும்: என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. இடத்துக்குப் பூங்காவின் பெயர் மட்டும் போதாது. ஆறு இலக்க கிரிட் ரெஃபரன்ஸ் (பிரிட்டிஷ் வரைபடக் கட்டத்தில் இடத்தைக் குறிக்கும் எண்) கொடுத்தால் 100 மீட்டர் சதுரம்வரை துல்லியம் வந்துவிடும். ஐரெக்கார்டு (iRecord) என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் படங்களோடு ஏற்றுங்கள். 1976 முதல் இயங்கும் ஹோவர்ஃப்ளை பதிவுத் திட்டத்தின் தன்னார்வ வல்லுநர்கள் அவற்றைச் சரிபார்ப்பார்கள். பிரிட்டனில் 280 இனங்களுக்குமேல் உண்டு, அதனால் முதல் கோடையிலேயே எல்லாவற்றையும் பிடித்துவிட நினைக்க வேண்டாம். எங்கும் காணப்படும் மார்மலேட் ஹோவர்ஃப்ளையையும் விடாமல் எழுதுங்கள். வயிற்றில் தடித்த கறுப்புப் பட்டையும் மெல்லியதும் மாறி மாறி வருவதால் அதில் குழப்பமே இல்லை.

பட்லியா பூவில் ஹார்னெட் குளவி போல, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தால் முதலில் இறக்கைகளை எண்ணுங்கள். ஒரே ஜோடி என்றால் அது ஈ, கொட்டாது, தாராளமாக நெருங்கலாம். 1940-களில் தென் இங்கிலாந்தில் நிலைகொண்ட வொலுசெல்லா ஜோனாரியாவாக இருக்கலாம். வயிற்றின் முன்பகுதி செம்பழுப்பாகத் தெரிந்தால் அதுதான். மஞ்சளாக, ஆளும் கொஞ்சம் சிறிசாக இருந்தால் அதன் உறவான இனானிஸ்.