ஆவுளியாவும் வலையும்: கேள்வி பதில்

கேள்வி: பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, காப்பகம் வந்துவிட்டது. இனி மீன்பிடிக்கத் தடையா?

பதில்: இல்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அறிவித்தார்கள். தொழில் தொடர்கிறது.

கேள்வி: ஆவுளியா வலையில் சிக்கினால்?

பதில்: முதலில் மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விடாவிட்டால் செத்துவிடும். அப்புறம் வலையை அறுத்து அங்கேயே விடுங்கள். வாலில் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்காதீர்கள்.

கேள்வி (மல்லிப்பட்டினம், நாட்டுப்படகு): அண்ணே, கடற்புல்லை அழிப்பது விசைப்படகு இழுக்கும் மடி வலை. எங்களுக்கு எதற்கு அறிவுரை?

பதில்: தம்பி, பாதி சரி. இழுவை மடி தரையை உழுது புல்லை வேரோடு பெயர்த்துவிடுகிறது. ஆவுளியாவுக்கு ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் வேண்டும். ஆனால் புல் திட்டின் மேல் இரவில் செவுள் வலையைப் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கப் போனால், நடுவில் சிக்கியது உயிரோடு இருக்காது. ஆவுளியா ஒரு வருஷத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு கன்று போடும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 வருஷம் ஆகும். ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது.

கேள்வி (கோட்டைப்பட்டினம், விசைப்படகு): பார்த்தீர்களா, கொல்வது அவர்கள் வலைதான்! வாரத்தில் 3 நாள்தான் எங்களுக்குக் கடல். 61 நாள் தடைக்காலம் வேறு.

பதில்: அந்த 3 நாளில் கரையோரப் புல்லில் மடி இழுக்கலாம் என்று யார் சொன்னது? 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே கரையோரத்தை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் புல்லில்தான் வளர்கின்றன. புல் போனால் ஆவுளியாவுக்கு இரை இல்லை, உங்களுக்கு மீன்பாடு இல்லை. ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் போய்விடும்.

கேள்வி: ஆவுளியாக் கறி மருந்தாமே?

பதில்: இல்லை. வேட்டையாடினால் சிறை. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது.

கேள்வி: ஓங்கில் (டால்பின்) வலையைக் கிழிக்கிறது, நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கரைக்குக் கொண்டுவந்து வனத்துறையிடம் ஒப்படைக்கலாமா?

பதில்: மேலேயே சொல்லிவிட்டேன். வேண்டாம், கடலிலேயே விடுங்கள்!

கேள்வி: படம் எடுத்துக்கொண்டு விடலாமா?

பதில்: படம் எடுக்கும் நேரத்தில் வலையை அறுங்கள். எந்த இடம், என்ன வலை என்பதைப் பிறகு வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

கேள்வி: வலையை எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: புல் திட்டின் மேல் வலையே போடாதீர்கள். பக்கத்தில் போட்டால் படகை அங்கேயே நிறுத்துங்கள். மிதவை அமிழ்ந்தால் உடனே போய்ப் பாருங்கள்.