வெயிலில் எண்ணெய் கக்கும் மெழுகுவர்த்தி: தப்பு மெழுகிலா, வானிலையிலா?

கேள்வி: சோயா மெழுகை உருக்கி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்கிறேன். குளிர் நாட்களில் அருமையாக வந்தது. இப்போது அதே மெழுகு, அதே அளவு, அதே வாசனை எண்ணெய், ஆனால் வெயில் ஏறியதிலிருந்து மேலே எண்ணெய் முத்து முத்தாக நிற்கிறது, விரல் வைத்தால் பதிகிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டம்ளரில் ஊற்றுவதற்கென்று விற்கும் சோயா மெழுகு பெரும்பாலும் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். அந்தச் சூடு வரும்வரை கெட்டியாக இருந்துவிட்டுச் சட்டென்று உருகும் பொருளும் அல்ல அது. பல வகைக் கொழுப்புகள் கலந்திருப்பதால் அறையின் வெப்பம் 30ஐத் தாண்டும்போதே சீக்கிரம் இளகும் பகுதி இளக ஆரம்பித்து, பிடித்து வைத்திருந்த வாசனை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுவிடுகிறது. எண்ணெயை அளவின் உச்சத்தில் சேர்ப்பவர்களுக்குத்தான் இது முதலில் வரும். நீங்கள் 100 கிராம் மெழுகுக்கு 10 கிராம் எண்ணெய் சேர்க்கிறீர்கள் என்றால், வெயில் முடியும்வரை 6 கிராமுக்கு இறங்கிப் பாருங்கள். ஏற்கெனவே கசிந்து நிற்கும் எண்ணெயை மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் திரியைப் பற்றவைக்க வேண்டும், அது எரியக்கூடிய எண்ணெய் என்பதை மறக்க வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வாசனையோ நிறமோ சேர்க்காமல் கொஞ்சம் மெழுகை மட்டும் உருக்கி, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான மூலையில் ஓர் இரவு விடுங்கள். நன்றாக இறுகிவிட்டால் மெழுகு சரிதான். அப்போதும் பிசுபிசுத்தாலோ எண்ணெய் கசிந்தாலோ, பொட்டலத்தில் போட்டிருக்கும் உருகுநிலையைக் காட்டித் தைரியமாகக் கேளுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உருகுநிலையே போடாமல் விற்கிற மெழுகை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

வெயில் காலத்துக்கென்று வாங்கும்போது பெயரைவிட அந்த உருகுநிலை எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். டம்ளர் இல்லாமல் தனியாக நிற்கும் மெழுகுவர்த்திக்கான பாரஃபினும் (பெட்ரோலிய மெழுகு) ஏறத்தாழ 60 டிகிரிப் பக்கம்தான். பாரஃபினோடு, கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டியரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் கெட்டிப்படும், அந்த அமிலத்தின் உருகுநிலை 69 டிகிரி. தேங்காய் மெழுகு வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ரொம்ப மிருதுவானது, கடும் வெயிலில் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இன்னொன்று, மெழுகை மாற்றினால் பழைய திரி பொருந்தாமல் போகலாம். கெட்டியான மெழுகுக்குப் பெரும்பாலும் இன்னும் தடித்த திரி தேவைப்படும். அதனால் மூட்டையாக வாங்குவதற்கு முன் சிறு பொட்டலம் வாங்கி, இரண்டு மூன்று தடிமனில் திரி போட்டு எரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அதுவும் உங்கள் ஊரில் இப்போது இருக்கிற இதே வெப்பத்தில்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. குளிர் வந்தால் நடுவில் பள்ளம், கண்ணாடியோரம் திட்டுத் திட்டாக விலகல், மேலே வெள்ளைப் பூச்சு. விசேஷக் கலவைப்பொடியும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மெழுகு இறுகும்போது சுருங்கும். குளிர்ந்த டம்ளரில் ஊற்றினால் ஓரமும் மேற்பரப்பும் முதலில் இறுகிவிட, நடுப்பகுதி பின்னால் சுருங்கும்போது அங்கே பள்ளம் விழுகிறது. ஊற்றுவதற்கு முன் டம்ளரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், தலைமுடி உலர்த்தும் கருவியே போதும். ஊற்றிய பிறகு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, ஜன்னல் காற்றும் ஃபேன் காற்றும் படாமல் மெதுவாக ஆற விடுங்கள். அப்புறமும் பள்ளம் விழுந்தால் மிச்சம் வைத்த மெழுகைச் சூடாக்கி மேலே மெல்லிசாக ஒரு சுற்று ஊற்றினால் சரியாகிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும்.

அந்த வெள்ளைப் பூச்சு சோயா மெழுகின் இயல்பு. அதன் கொழுப்பு படிகமாவதால் வருகிறது, எரிவதற்கோ வாசனைக்கோ எந்தக் குறையும் இல்லை. அதை முழுக்க ஒழிப்பதாகச் சொல்லி விற்கும் எதற்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். கண்ணை உறுத்தினால் அடர்நிறத்தை விட்டுவிட்டு நிறமே சேர்க்காமல் செய்யுங்கள், அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: மழை நாட்களில் மெழுகு ஈரத்தை உறிஞ்சுமா? ஈரப்பதம் குறைக்கும் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: மெழுகுக்காக வாங்க வேண்டாம், அது தண்ணீரோடு ஒட்டாது. கவனிக்க வேண்டியது திரியைத்தான். பருத்தித் திரி ஈரம் ஏறினால் சடசடவென்று பொரிந்து எரியும், ஆகவே இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கும்போது வெளிப்புறத்துத் தண்ணீரை நன்றாகத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள், ஒரு சொட்டு உள்ளே போனாலும் அதே பொரிதல்தான்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய செதில் மெழுகு வழியிலேயே உருகி ஒரே கட்டியாக வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கட்டியிலிருந்து ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்காமல் மொத்தமாக உருக்கிக் கலக்குங்கள், கலவை மெழுகாக இருந்தால் ஒரு பகுதி மிருதுவாகவும் இன்னொன்று கெட்டியாகவும் பிரிந்திருக்கலாம். பிரித்த கையோடு படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பி, பை கிழிந்து தூசியோ தண்ணீரோ சேர்ந்திருந்தால் மாற்றுப் பொட்டலம் கேளுங்கள். அதே பெட்டியில் வாசனை எண்ணெயும் வந்திருந்தால் மூடி கசிந்திருக்கிறதா, மணம் மாறியிருக்கிறதா என்று அன்றைக்கே முகர்ந்து பார்த்துவிடுங்கள், சூடு பட்டுக் கெட்ட எண்ணெயை உருக்கிச் சரிசெய்ய வழி கிடையாது.